ஒற்றன் தொட்டால் உடையும் முத்திரை

பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வடக்கேயும் மேற்கேயும் வந்து குடியேறிய நம் போன்றவர்களுக்குக் கடிதம் என்பது வெறும் காகிதம் அன்று. அது வீட்டின் ஒரு பகுதி. வீட்டுப் பத்திரத்தையோ, தங்கையின் திருமணத்திற்கான பணத்தையோ இன்ஷ்யூர் தபாலில் அனுப்பும்பொழுது, உறையின் மடிப்புகள் மீது அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்தும் வழக்கத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். அந்த அரக்கு முத்திரையின் பயனைச் சற்றே எண்ணிப் பாருங்கள். திருடனைத் தடுக்கும் வலிமை அதற்கு இல்லை. விரலால் அழுத்தினால் உடைந்து போகக்கூடிய பொருள் அது. ஆயினும், 'உறையை வழியில் ஒருவன் பிரித்தான்' என்பதைப் பெறுகிறவருக்கு அது தவறாமல் அறிவித்துவிடுகிறது. அதன் வலிமை முழுவதும் அது உடையும் தன்மையிலேதான் இருக்கிறது!

இன்று உறையும் அரக்கும் அருகிவிட்டன. கைப்பேசியில் விரலை வைத்தால் ஊரிலுள்ள தாயாரின் கணக்கிற்குப் பணம் போய்ச் சேருகிறது. ஆனால் கம்பியிலும் கண்ணாடி இழையிலும் ஓடும் செய்திக்கு அரக்கு முத்திரை இட முடியுமா? வழியில் ஒருவன் அதைப் படியெடுத்துக் கொண்டால், நமக்குத் தெரிய வழி உண்டா? சென்ற நாற்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் இக்கேள்விக்கு விடை தேடி வருகிறார்கள். அவர்கள் கண்ட விடை, ஒளியின் மிகச் சிறிய துகளையே முத்திரையாக்கிக் கொள்வது. இதற்குக் 'குவாண்டம் திறவுகோல் பங்கீடு' என்று பெயர். இதன் தத்துவம் என்ன, இதை விரைவாகவும் உறுதியாகவும் ஆக்குவதற்கு எத்தகைய முயற்சிகள் நடைபெற்றன, இதன் எல்லை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பூட்டும் திறவுகோலும்

செய்தியை மறைத்து எழுதுவது பழைய கலை. ஒன்றையும் சுழியையும் கொண்டு எழுதிய செய்தியின் ஒவ்வோர் எழுத்தோடும், முன்பின் தொடர்பின்றித் தோன்றிய ஓர் இரகசிய எண்வரிசையைக் கூட்டி அனுப்புவதாக வைத்துக் கொள்வோம். அவ்வரிசை செய்தியின் அளவு நீளமுடையதாகவும், ஒரே முறை மட்டும் பயன்படுவதாகவும் இருப்பின், அச்செய்தியை எவராலும் எக்காலத்தும் உடைக்க முடியாது. இதை 1949 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன் கணித வாயிலாக மெய்ப்பித்தார். குறை ஒன்றே. அந்த இரகசிய வரிசையை, அதாவது திறவுகோலை, இரு தரப்பாரிடமும் கொண்டு சேர்ப்பது எப்படி? பூட்டு உறுதியானதுதான். ஆனால் சாவியை யார் கையில் கொடுத்து அனுப்புவது?

1970களில் கணித அறிஞர்கள் வேறொரு வழி கண்டனர். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த தொகையைக் கொண்டு அவ்விரண்டையும் கண்டுபிடிப்பது மிகக் கடினம். இக்கடினத்தையே பூட்டாக்கி 1977 இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்ற மூவர் வகுத்த முறை உலகெங்கும் பரவிற்று. ஆனால், 'கடினம்' என்பதும் 'இயலாது' என்பதும் ஒன்றல்லவே! 1994 இல் பீட்டர் ஷோர் என்னும் அறிஞர், குவாண்டம் கணிப்பொறி ஒன்று போதிய அளவில் அமையுமானால் இப்பூட்டு எளிதில் திறந்துவிடும் என்று காட்டினார். அத்துணைப் பெரிய பொறி இன்னும் அமையவில்லை. ஆயினும், இன்று ஓடும் செய்திகளைத் திருடிச் சேர்த்து வைத்துக்கொண்டு, இருபது ஆண்டு கழித்துப் பொறி வந்தபின் திறந்து படிக்க எண்ணுகிறவன் இருக்கலாம் அல்லவா? ஒருவருடைய நோய்க் குறிப்போ, நாட்டின் பாதுகாப்புத் திட்டமோ இருபது ஆண்டில் பழையதாகி விடுவதில்லை. கவலை இங்கேதான் தொடங்குகிறது.

பெங்களூரில் வாசித்த கட்டுரை

ஸ்டீபன் வீஸ்னர் என்னும் இளைஞர் 1970 ஆம் ஆண்டையொட்டி ஒரு விந்தையான கருத்தை எழுதினார். ஒளித்துகள்களைப் பொதிந்து வைத்த பண நோட்டை எவராலும் போலி செய்ய முடியாது என்பதே அது. அதை வெளியிடுவார் இல்லை. 1983 இல்தான் அது அச்சேறியது. இதற்கிடையில், 1979 இல் போர்ட்டோ ரிக்கோத் தீவில் நடந்த ஒரு மாநாட்டின்போது, கனடா நாட்டு ஜில் பிராசார் கடலில் நீந்திக் கொண்டிருந்தார். முன்பின் அறியாத ஒருவர் நீந்தி வந்து அவரிடம் இந்த நோட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினார். வந்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த சார்லஸ் பென்னெட். தண்ணீரில் தொடங்கிய அந்த நட்பு, பணத்தை விடுத்துத் திறவுகோலை நோக்கித் திரும்பியது.

அவ்விருவரும் தங்கள் முறையை முழுமையாக வெளியிட்ட இடம் எது என்று நினைக்கிறீர்கள்? நம் பெங்களூர்! 1984 டிசம்பரில் அங்கு நடைபெற்ற கணிப்பொறி, அமைப்பு, சமிக்ஞை பற்றிய சர்வதேச மாநாட்டின் தொகுப்பில், 175 ஆம் பக்கம் முதல் 179 ஆம் பக்கம் வரை, ஐந்தே பக்கங்களில் அது அடங்கியிருக்கிறது. ஆசிரியர்களின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் சேர்த்து 'பி.பி. 84' என்று உலகம் அதை வழங்குகிறது. இன்று இத்துறையில் நடக்கும் ஆராய்ச்சிகளிற் பெரும்பாலானவற்றுக்கு மூலம் அந்த ஐந்து பக்கங்களே.

கூட்டல் சட்டமும் பெருக்கல் சட்டமும்

டில்லியில் ஓர் அண்ணனும் தஞ்சையில் அவன் தங்கையும் இருப்பதாகக் கொள்வோம். இருவருக்கும் இடையே ஒளி செல்லும் பாதை ஒன்று உண்டு. வழியில் ஓர் ஒற்றன் ஒளிந்திருக்கிறான்.

ஒளி அலையானது பக்கவாட்டில் அதிர்கின்றது. அவ்வதிர்வு செங்குத்தாகவோ, படுக்கையாகவோ, வலப்புறம் அல்லது இடப்புறம் சாய்ந்தோ இருக்கலாம். செங்குத்தும் படுக்கையும் சேர்ந்தால் கூட்டல் குறி போலாகும். இரண்டு சாய்வுகளும் சேர்ந்தால் பெருக்கல் குறி போலாகும். ஆகவே இவற்றைக் 'கூட்டல் சட்டம்' என்றும் 'பெருக்கல் சட்டம்' என்றும் அழைப்போம். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு திசை சுழியையும் மற்றது ஒன்றையும் குறிக்கும்.

அண்ணன் ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் காசைச் சுண்டிப் பார்ப்பவனைப் போல் ஒரு சட்டத்தையும், சுழி அல்லது ஒன்றையும் தேர்ந்து அனுப்புகிறான். தங்கையும் தன் விருப்பப்படி ஒரு சட்டத்தைக் கொண்டு அளக்கிறாள். இருவர் சட்டமும் ஒன்றானால் அவன் அனுப்பியதே அவளுக்குக் கிடைக்கும். வேறானால், கிடைப்பது வெறும் குருட்டு விடை. பாதி சரியாக இருக்கும், பாதி தவறாக இருக்கும். பின்னர் இருவரும் தொலைபேசியில், ஊரறிய, சட்டங்களை மட்டும் ஒப்பிடுகிறார்கள். விடைகளைச் சொல்வதில்லை. சட்டம் ஒத்தவற்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றைத் தள்ளி விடுகிறார்கள். மிஞ்சியதே திறவுகோல்.

ஒற்றன் என்ன செய்வான்? துகளைப் படியெடுத்துக் கொள்ளலாமே என்றால், அறியாத நிலையிலுள்ள ஒரு துகளை அப்படியே படியெடுத்தல் இயற்கை விதிக்கே புறம்பானது என்று 1982 இல் வூட்டர்ஸ், ஸூரெக் ஆகியோரும், டீக்ஸ் என்பவரும் நிறுவினர். ஆகையால் அவன் துகளைப் பிடித்து அளந்து, தான் கண்டபடி வேறொன்றை அனுப்ப வேண்டும். பாதித் தடவை அவன் தவறான சட்டத்தை எடுப்பான். அவ்வாறு எடுத்தவற்றிலும் பாதி, தங்கையிடம் தவறான விடையாய் முடியும். எனவே நூற்றுக்கு 25 விடைகள் பிழைபடும். அண்ணனும் தங்கையும் நூறு விடைகளை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்த்தால், எல்லாத் துகள்களையும் தொட்ட ஒற்றன் அகப்படாமல் தப்புவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்று லட்சம் கோடியில் ஒன்றுதான். அரக்கு உடைந்துவிட்டது! அந்தத் திறவுகோலை எறிந்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதே.

விடுமுறை நாளில் வீட்டுக் குழந்தைகள் மூவரை அண்ணன், தங்கை, ஒற்றன் என்று அமர்த்தி, காசுகளைச் சுண்டி இவ்வாட்டத்தை ஆடச் செய்யலாம். நாற்பது, ஐம்பது சுற்றுக்குள் ஒற்றனின் திருட்டு வெளிப்படுவதை அவர்களே கண்டு மகிழ்வார்கள்.

ஒற்றையா, இரட்டையா?

ஏட்டில் இது எளிது. நடைமுறையில், ஒற்றன் இல்லாத பாதையிலும் சிறிது பிழை இருந்தே தீரும். கருவி நடுங்கும். இழை முறுகும். இருளிலும் பொறியொன்று 'ஒளி கண்டேன்' என்று பொய் சொல்லும். எந்தப் பிழை இயற்கையானது, எது ஒற்றன் விளைத்தது என்று பிரித்தறிய வழியில்லை. ஆகையால் எல்லாப் பிழையும் ஒற்றனாலேயே விளைந்தது என்று கொள்வதே நேர்மையான பாதுகாப்பு. அப்படிக் கொண்டு, பிழையைத் திருத்தவும் வேண்டும், ஒற்றன் அறிந்ததை அழிக்கவும் வேண்டும்.

இவ்விரண்டுக்கும் உதவுவது நம் வீட்டுத் திண்ணையில் புளியங்கொட்டையை வைத்து ஆடும் 'ஒற்றையா, இரட்டையா' என்னும் விளையாட்டே. அண்ணனும் தங்கையும் தத்தம் வரிசையை சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றிலும் ஒன்றுகளின் தொகை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்று மட்டும் ஒப்பிடுகிறார்கள். வேறுபட்டால் அக்கூற்றில் பிழையுண்டு. அதை இரண்டாகப் பிளந்து மறுபடி கேட்டால், சில கேள்விகளில் பிழையான இடம் அகப்பட்டுவிடும். பிராசாரும் சல்வாயும் 1993 இல் இம்முறையைச் செம்மை செய்தனர். ஆனால் ஒவ்வொரு கேள்வியும் ஊரறியக் கேட்டதாதலால், ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கத்தைத் திறவுகோலிலிருந்து விட்டுக்கொடுக்க வேண்டும். குறைந்த கேள்விகளில் பிழையைக் கண்டுபிடிப்பதே இங்குத் திறமை.

அடுத்தது ஒற்றன் அறிந்ததை அழித்தல். பத்து இலக்கங்களில் ஒன்பதை ஒற்றன் அறிவான் என்று வைத்துக் கொள்வோம். பத்தின் தொகை ஒற்றையா இரட்டையா என்று கேட்டால் அவனால் சொல்ல முடியுமா? முடியாது! அறியாத அந்த ஒன்று அவன் அறிவு முழுவதையும் வீணாக்கி விடுகிறது. அண்ணனும் தங்கையுமோ பத்தையும் அறிவர். எனவே பத்து இலக்கங்களைக் கொடுத்து, முற்றிலும் தூய ஓர் இலக்கத்தை அவர்கள் பெறுகிறார்கள். உண்மையில் இதனினும் சிக்கனமான முறையில், தேவையான அளவு மட்டுமே சுருக்குகிறார்கள்.

இவ்விரண்டு செலவும் போக மிஞ்சுவது எவ்வளவு? கணக்குப்படி, பிழை நூற்றுக்கு 3 ஆனால் ஆயிரம் இலக்கங்களில் ஏறக்குறைய 600 மிஞ்சலாம். பிழை 5 ஆனால் 430 அளவே மிஞ்சும். பிழை 11ஐ எட்டினால் இம்முறையில் ஒன்றுமே மிஞ்சாது. ஷோரும் பிரெஸ்கிலும் 2000 ஆம் ஆண்டில் அளித்த நிரூபணம் இந்த எல்லையை உறுதி செய்தது. 

வீணாகும் பாதியை மீட்டல்

சட்டங்கள் ஒவ்வாமையால் பாதித் துகள்கள் வீணாகின்றன என்று கண்டோம். இதைக் குறைக்க முடியாதா? லோ, சௌ, ஆர்டெஹாலி என்ற மூவர் எளிய வழி ஒன்றைக் காட்டினர். இரண்டு சட்டங்களையும் சமமாகப் பயன்படுத்த வேண்டுவதில்லை. இருவரும் நூற்றுக்குத் தொண்ணூறு முறை கூட்டல் சட்டத்தையும், பத்து முறை மட்டும் பெருக்கல் சட்டத்தையும் எடுத்தால், நூற்றுக்கு 82 துகள்கள் ஒத்துப்போகும். பாதி இழந்தது போய், ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இழப்பு.

'ஒற்றன் மட்டும் சும்மா இருப்பானா? அவனும் எப்போதும் கூட்டல் சட்டத்தையே எடுப்பானே!' என்று வாசகர் கேட்கலாம். கூரிய கேள்வி. அவ்வாறு செய்தால் கூட்டல் துகள்களில் பிழையே தோன்றாது. பெருக்கல் துகள்களில் மட்டும் பாதி பிழைபடும். ஆனால் பெருக்கலில் ஒத்தவை நூற்றுக்கு ஒன்றே ஆகையால், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டாது. கள்வன் கூட்டத்தில் மறைந்து விடுகிறான். அதனால் இம்முறையின் உயிர்நாடி ஒரு நிபந்தனையில் இருக்கிறது. இரண்டு சட்டங்களின் பிழைகளையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். தனியே பார்த்தால் பெருக்கல் சட்டத்தில் நூற்றுக்கு 50 பிழை என்று தெரிந்து, ஒற்றன் அகப்படுவான். வேகத்தைக் கூட்டும் எந்த மாற்றமும் பாதுகாப்பில் எங்கேனும் ஓட்டை இடுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம்.

ஒன்றுக்கு இரண்டாய் வரும் துகள்

ஒற்றை ஒளித்துகளை வேண்டியபோது உதிர்க்கும் கருவி எளிதில் கிடைப்பதன்று. ஆகவே லேசர் ஒளியை மிக மங்கலாக்கிப் பயன்படுத்துகிறார்கள். சராசரியாகப் பத்துத் துடிப்புக்கு ஒரு துகள் என்னும்படி மங்கலாக்கினால், ஆயிரம் துடிப்புகளில் ஏறத்தாழ 905 வெறுமையாகப் போகும். 90 துடிப்புகளில் ஒரு துகள் இருக்கும். ஏறக்குறைய 5 துடிப்புகளில் இரண்டோ, அதற்கு மேலோ இருக்கும். அந்த ஐந்தில்தான் ஆபத்து. ஒற்றன் ஒரு துகளைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்றதைத் தங்கைக்கு விட்டுவிடுவான். சட்டங்கள் வெளியானபின் நிதானமாக அளப்பான். அரக்கு உடையாமலே உறை திறந்தாயிற்று! மேலும், நெடுந்தூரப் பாதையில் பெரும்பாலான துகள்கள் இழக்கப்படுவது இயல்பாதலால், ஒற்றைத் துகள்களைத் தடுத்துவிட்டு இரட்டையானவற்றை மட்டும் அவன் கடத்தலாம். யாரும் ஐயுறார். 2000 ஆம் ஆண்டளவில் இந்த ஓட்டை தெளிவாக உணரப்பட்டது.

ஒளியை இன்னும் மங்கலாக்குவது ஒரு மருந்து. ஆனால் வேகம் படுத்துவிடும். 2003 இல் ஹ்வாங் என்பவர் வேறு மருந்து கண்டார். 2005 இல் லோ, மா, சென் ஆகியோரும், வாங் என்பவரும் அதை முழுமையாக்கினர். காட்டு விலங்கைப் பிடிக்க வேடர்கள் பழக்கிய விலங்கு ஒன்றை முன்னே நிறுத்துவார்கள். அதற்குப் 'பார்வை' என்று நம் மொழியில் பெயர். அதுபோல, அண்ணன் தன் துடிப்புகளிடையே ஒளி மிகுந்தும் குறைந்தும் உள்ள பார்வைத் துடிப்புகளைக் கலந்து அனுப்புகிறான். எது மெய்த் துடிப்பு, எது பார்வைத் துடிப்பு என்பது ஒற்றனுக்குத் தெரியாது. அவன் ஒற்றைத் துகள்களைத் தடுத்தால், மங்கலான துடிப்புகள் அளவுக்கு மீறிக் குறைந்து போகும். பின்னர் அண்ணனும் தங்கையும் கணக்குப் பார்க்கையில் அந்த ஏற்றத்தாழ்வு அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். இதனால் ஒளியைச் சுமார் ஐந்து மடங்கு கூட்டி அனுப்பவும் துணிவு பிறந்தது. 2007 இல் ஒன்றுக்கு மேற்பட்ட குழுவினர் இம்முறையால் நூறு கிலோமீட்டரைத் தாண்டினர். பாதுகாப்பும் வேகமும் ஒருசேரக் கூடிய அரிய நிகழ்ச்சி இது.

கருவி போடும் ஓசை

பென்னெட்டும் பிராசாரும் தோழர்களுடன் 1989 இல் முதன்முதல் அமைத்த கருவியில், ஒளி சென்ற தூரம் ஒரு முழத்துக்கும் குறைவு. அக்கருவியில் ஒளியின் திசையை மாற்றும் மின்பொறி, ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு விதமாக ஓசை எழுப்பிற்றாம்! ஆகவே, 'காது கேளாத ஒற்றனிடமிருந்து மட்டும் எங்கள் கருவி முற்றிலும் பாதுகாப்பானது' என்று அவர்களே வேடிக்கையாகக் கூறிக் கொண்டனர்.

வேடிக்கையாயினும் உண்மை அதில் உண்டு. இயற்கையின் விதி பொய்க்காது. ஆனால் அதை நடத்தும் கருவி மனிதன் செய்தது. 2010 இல் நார்வேயிலும் ஜெர்மனியிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள், விலைக்கு விற்கப்பட்ட இரண்டு கருவிகளின் ஒளி காணும் பொறிகளைப் பிரகாசமான ஒளியால் குருடாக்கி, தாங்கள் விரும்பிய விடையையே அவை சொல்லும்படி செய்து காட்டினர். பிழையும் தோன்றவில்லை, ஐயமும் எழவில்லை.

இதற்கு 2012 இல் பிறந்த மாற்று மிகவும் அழகானது. லோ, கர்ட்டி, ச்சி ஆகிய மூவர் வகுத்த அம்முறையில், அண்ணனும் தங்கையும் இருவருமே துகள்களை அனுப்புவார்கள். ஒருவரும் அளப்பதில்லை. நடுவேயுள்ள நிலையம் அவ்விரு துகள்களையும் சந்திக்கச் செய்து, 'இவை ஒத்தன' அல்லது 'ஒவ்வாதன' என்று மட்டும் அறிவிக்கும். எவையெவை என்று அதற்கே தெரியாது. அந்நிலையத்தை ஒற்றனே நடத்தினாலும் இரகசியம் கெடாது. அவன் பொய் சொன்னால் பிழை மிகுந்து அகப்படுவான். ஒளி காணும் பொறிகளின் குறைகள் யாவும் இதனால் ஒரே அடியாக ஒழிந்தன. அனுப்பும் கருவியையும் நம்ப வேண்டாத முறைக்கு 1991 இல் ஆர்ட்டர் எக்கர்ட் வித்திட்டார். பிணைந்த இரட்டைத் துகள்களைக் கொண்ட அவ்வழியில் 2022 இல் ஆராய்ச்சிச் சாலை அளவில் வெற்றி கிட்டிற்று.

தூரம் என்னும் பகைவன்

நல்ல கண்ணாடி இழையிலும் ஒவ்வொரு 15 கிலோமீட்டருக்கும் ஒளி பாதியாகக் குறைகிறது. 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒரு துகளே போய்ச் சேரும். 500 கிலோமீட்டரில் ஆயிரம் கோடியில் ஒன்று. 1000 கிலோமீட்டர் ஆனாலோ, விநாடிக்கு ஆயிரம் கோடித் துகள் அனுப்பினாலும் ஒன்று போய்ச் சேர முந்நூறு ஆண்டு ஆகும்! சாதாரணத் தொலைபேசிச் செய்தியை வழியில் பெருக்கி அனுப்புவது போல் இதைப் பெருக்க இயலாது. பெருக்குவதும் படியெடுப்பதும் ஒன்றே. ஒற்றனைத் தடுக்கும் அதே விதி நம்மையும் தடுக்கிறது.

2018 இல் டொஷிபா நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் குழுவினர் இதற்கு ஒரு தந்திரம் கண்டனர். இரு முனையிலிருந்தும் ஒளி புறப்பட்டு நடுநிலையத்தில் கலக்கும். அங்கு ஒரு துகள் காணப்பட்டால் போதும். அது எந்த முனையிலிருந்து வந்தது என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு துகளும் பாதித் தூரமே கடக்கிறது. 500 கிலோமீட்டருக்கு ஆயிரம் கோடியில் ஒன்று என்ற நிலை, லட்சத்தில் ஒன்று என்று மாறிவிடுகிறது. இவ்வழியே சீன விஞ்ஞானிகள் 2023 இல் 1000 கிலோமீட்டர் இழையைக் கடந்தனர். எனினும் அத்தூரத்தில் திறவுகோல் சொட்டுச் சொட்டாகவே கிடைத்தது.

பெய்ஜிங்கையும் ஷாங்காயையும் இணைக்கும் 2000 கிலோமீட்டர்ப் பாதை 2017 இல் தொடங்கப்பட்டது. அதில் 32 இடைநிலையங்கள் இருந்தன. ஒவ்வொரு நிலையத்திலும் திறவுகோல் வெளிப்பட்டு மீண்டும் பூட்டப்படுகிறது. அந்நிலையங்களை நம்பித்தான் ஆக வேண்டும். மற்றொரு வழி வானம். காற்று மண்டலம் மெல்லியது. அதைத் தாண்டினால் வெற்று வெளியில் ஒளி தேய்வதில்லை. 2016 ஆகஸ்டில் ஏவப்பட்ட 'மீசியஸ்' என்னும் சீனச் செயற்கைக்கோள் 1200 கிலோமீட்டர் தொலைவு வரை தரைக்குத் திறவுகோல் வழங்கிற்று. 2017 செப்டம்பரில் அதன் துணையால் பெய்ஜிங்கும் வியன்னாவும் 7600 கிலோமீட்டர் இடைவெளியில் முகம் பார்த்துப் பேசின.

நம் நாட்டில்

பெங்களூரில் 1984 இல் விழுந்த விதை நம் மண்ணில் முளைக்கச் சற்றுக் காலம் பிடித்தது. 2021 இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் அகமதாபாத்தில் 300 மீட்டர் வெட்டவெளியில் இதைச் செய்து காட்டினர். 2022 பிப்ரவரியில் டில்லி ஐ.ஐ.டி.யும் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையும் சேர்ந்து, பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலத்துக்கும் இடையே 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வாணிப இழையில் வெற்றி கண்டன. 2025 ஜூனில் அவ்விரு நிறுவனங்களே, பிணைந்த துகள்களைக் கொண்டு, டில்லி ஐ.ஐ.டி. வளாகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெட்டவெளியில் விநாடிக்குச் சுமார் 240 இலக்கத் திறவுகோலைப் பெற்றன. பெங்களூரிலுள்ள இராமன் ஆராய்ச்சிக் கழகத்திலும் இப்பணி நடைபெற்று வருகிறது.

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை ரூ. 6003.65 கோடியில் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. நாட்டுக்குள் 2000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தரை நிலையங்களைச் செயற்கைக்கோள் வழியே இணைப்பது அதன் குறிக்கோள்களில் ஒன்று. அதன் குவாண்டம் செய்தித் தொடர்புப் பிரிவுக்குச் சென்னை ஐ.ஐ.டி. மையமாக 2024 இல் தேர்ந்தெடுக்கப்பட்டது நமக்குப் பெருமை தருவது. டில்லியிலிருந்து சென்னைக்கு ரயில் பாதை 2000 கிலோமீட்டருக்குச் சற்று மேல்! நாம் கற்பனை செய்த அண்ணனும் தங்கையும் உண்மையாகவே பேசிக்கொள்ளும் தொலைவு அதுதான்.

சில ஐயங்கள்

இதனால் எல்லாக் கவலையும் தீர்ந்ததா? இல்லை. ஒற்றன் பாதையையே வெட்டிவிட்டால் திறவுகோல் கிடையாது. முத்திரை திருட்டை அறிவிக்குமேயன்றி, தபாலைக் கொண்டு சேர்க்காது. மேலும், மறுமுனையில் பேசுவது தங்கைதானா என்று அண்ணன் முதலில் அறிய வேண்டும். அதற்கு இருவரிடமும் தொடக்கத்திலேயே ஒரு சிறு பொது இரகசியம் இருந்தாக வேண்டும். முன்பின் அறியாத இருவரை இம்முறை அறிமுகம் செய்து வைக்காது. இவற்றையும் செலவையும் கருதி, குறைகள் நீங்கினாலன்றி நாட்டுப் பாதுகாப்பு அமைப்புகளுக்கு இதைப் பரிந்துரைப்பதற்கில்லை என்று அமெரிக்க தேசியப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படையாகவே கூறியிருக்கிறது. குவாண்டம் கணிப்பொறிக்கும் கடினமானவை என்று கருதப்படும் புதிய கணிதப் பூட்டுகளை அந்நாட்டுத் தரநிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. அவற்றுக்குப் புதிய இழையும் கருவியும் வேண்டா. ஆனால் அவையும் 'கடினம்' என்னும் நம்பிக்கை மீது நிற்பவையே. இரண்டு வழிகளையும் இணைத்துப் பயன்படுத்துவோரும் உண்டு. நம் கைப்பேசியில் இன்று ஓடும் பணத்தைக் காப்பது கணிதப் பூட்டே என்பதையும் மறக்கலாகாது. 'குவாண்டம்' என்ற பெயரைச் சொல்லி எவரேனும் வீட்டு வாயிலில் பாதுகாப்பு விற்க வந்தால் வாங்க வேண்டாம்!

நாற்பது ஆண்டு வரலாற்றை ஒருசேர நோக்கும்போது ஒன்று புலப்படுகிறது. 'உடைக்க முடியாதது' என்று சொன்னவர்கள் அதோடு நின்றுவிடவில்லை. தாங்கள் கட்டிய பூட்டைத் தாங்களே உடைக்க முயன்றார்கள். உடைந்த இடத்தை மறைக்காமல் ஊரறிய எழுதினார்கள். அதை அடைக்கும் வழியையும் அவர்களோ, அவர்களுக்குப் பின் வந்தவர்களோ கண்டார்கள். இரட்டைத் துகள் என்னும் ஓட்டையிலிருந்து பார்வைத் துடிப்பு பிறந்தது. குருடான பொறி, எவரையும் நம்ப வேண்டாத நடுநிலையத்தைப் பயனுள்ளதாக்கிற்று. குறையை ஒப்புக்கொள்வதே பாதுகாப்பின் முதற்படி என்று இந்த ஒளித்துகள்கள் நமக்குச் சொல்லுகின்றன.

தொலைவில் வாழும் நமக்கு, ஊரிலிருந்து வரும் சொல் வழியில் கைபடாமல் வந்து சேர வேண்டும் என்னும் ஆசை என்றும் உண்டு. நம் பெரியவர்கள் அதை ஒரு துளி அரக்கிடம் ஒப்படைத்தார்கள். நம் பேரக் குழந்தைகள் ஒருவேளை அதை ஒரு துகள் ஒளியிடம் ஒப்படைப்பார்கள்.